மன்னித்துக்கொண்டே இருந்தவர்

ஆன்டி யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுத்தவர். அந்தப் பழக்கமோ என்னவோ, எதிரில் நிற்பவர் எவ்வளவு பதறினாலும் அவருடைய குரல் ஒரே சீராக இருக்கும். அந்தக் குரலில் அவர் ஓயாமல் செய்த காரியம் ஒன்றுதான். எல்லாரையும் மன்னித்தார்.

எங்கள் சபை கிள்ளானில், பண்டமாரான் பகுதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வார நாட்களில் துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணியாக இருந்த நான், வார இறுதியில் சபையில் கீபோர்டு வாசித்தேன். சனிக்கிழமை பாட்டு ஒத்திகைக்குப் போய்ச் சேர எப்படியும் தாமதமாகிவிடும். மூச்சு வாங்கப் படியேறி உள்ளே நுழைந்தால், பாடிக்கொண்டிருப்பவர்களை ஆன்டி கையைக் காட்டி நிறுத்துவார்.

"ஜெனி, லேட்டாயிடுச்சாம்மா? பரவாயில்ல. நான் மன்னிச்சிட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்கமாட்டேன். வழியில் ஒரு லோரி கவிழ்ந்து கிடந்தது என்று சொல்ல வாயெடுத்திருப்பேன். மன்னிக்கப்பட்ட பிறகு காரணம் சொன்னால் திமிர் மாதிரி இருக்கும். எல்லாரும் என்னைக் கனிவாகப் பார்ப்பார்கள். நான் பேசாமல் போய் உட்கார்ந்து வாசிப்பேன்.

மீன் குழம்பில் உப்பைக் கொட்டியவளை மன்னிப்பார். பிரசங்கத்தை இழுத்துவிட்ட பாஸ்டரை, பாஸ்டரின் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே மன்னிப்பார். பாசாரில் அவருக்குச் சில்லறை குறைத்துக் கொடுத்த சீனக் கிழவரை அப்பே என்று கூப்பிட்டு, தமிழில் "மன்னிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்ததை ஒரு ஞாயிறன்று எங்களிடம் விவரித்தார். அந்தக் கிழவருக்குத் தமிழ் தெரியாதே என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள். சிரிப்பு எழுந்தது. ஆன்டியும் சிரித்தார். பிறகு, முனகியவரைத் திரும்பிப் பார்த்து, தலையை மெல்ல ஆட்டினார். அதுவும் மன்னிப்புதான்.

எங்கள் பாடகர் குழுவில் ஒரு பெண் இருந்தாள். பக்கத்துக் குடியிருப்புத் தாமானில் கிளினிக் ஒன்றில் வேலை. ஒருவனோடு பழகி, அவன் கைவிட்டு, வெளியே தெரியாமல் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்ட விஷயம் ஒன்று அவளுக்கு இருந்தது. அவளுடைய அம்மா ஜெபிக்கச் சொல்லி ஆன்டியிடம் மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிறு ஆராதனை நடுவே ஆன்டி எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். நடந்தது எதையும் அவர் சொல்லவில்லை. "நம்ம பிள்ளை ஒருத்தி விழுந்துட்டா. சபை அவளை மன்னிக்குது. எழுந்திரும்மா" என்று அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கைகளை விரித்தார். அந்தப் பெண் எழுந்து போனாள். போகாமல் எப்படி இருக்க முடியும்? ஆன்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்து நாங்களும் அழுதோம். மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒருவர் மற்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் என்னதான் செய்தாள் என்று. வரிசை நகர்ந்து முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவள் அதற்குப் பிறகு வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கிறாள் என்று கேள்வி.

இதையெல்லாம் கேட்பவர்களுக்கு ஆன்டி ஒரு பொல்லாத மனுஷி என்று தோன்றும். அப்படி அல்ல என்று நான் சத்தியம் செய்வேன். என் அப்பா படுக்கையில் கிடந்தபோது அவருக்கு மலம் துடைத்தவர் ஆன்டி. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் அடுப்பைப் பற்றவைப்பார். எங்கள் சபையை மற்ற சபைகளிலிருந்து பிரித்துக் காட்டியதும் அவர்தான். அவருடைய ஒரே மகன் செத்தபோது அவர் செய்த காரியம்தான்.

மகன் பெயர் டேனியல். கல்லூரி முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் சாலையில், டிராபிக் லைட் அருகில், அவன் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒரு கண்டேனர் லோரிக்கு அடியில் போய்விட்டது. அந்த இடத்திலேயே முடிந்தது. ஆன்டியின் கணவர் அதற்கு முன்பே தவறியிருந்தார். வீட்டில் ஆன்டி மட்டும்.

அடக்கம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், ஆன்டி பாஸ்டரைக் கூப்பிட்டார். "அந்த லோரிக்காரன் வீடு எங்க இருக்குன்னு கேளுங்க பாஸ்டர். நான் அவனை மன்னிக்கணும்."

பக்கத்து ஊரான காப்பாருக்குப் போனார்கள். நான் போகவில்லை. போனவர்கள் சொல்லிச் சொல்லி, நானே பார்த்தது போல ஆகிவிட்டது. அந்த ஆளின் பெயர் சேகர். மனைவி இல்லை, சின்ன வயதில் மகள் ஒருத்தி. போலீஸ் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு விட்டிருந்தது, விசாரணை முடியவில்லை. வெள்ளைச் சேலையில் வாசலில் வந்து நின்ற ஆன்டியைப் பார்த்ததும் சேகர் அண்ணன் காலில் விழுந்தார். "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். ஆன்டி அவரைத் தூக்கி நிறுத்தி, நெற்றியில் முத்தம் கொடுத்து, "மன்னிச்சிட்டேன் மகனே" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

ஒரு வருஷத்துக்குள் சேகர் அண்ணன் ஞானஸ்நானம் எடுத்தார். புதுப் பெயர் வைத்தது ஆன்டி. கிருபையால் பிழைத்தவன், அதனால் கிருபாகரன். சபை அவருக்கு வேன் ஓட்டும் வேலை கொடுத்தது. லோரியை அவர் திரும்பத் தொடவில்லை. மகள் கவிதா எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் சேர்ந்தாள்.

அதற்கு முன்னால் நாங்கள் யார்? டயர் கடை மாடியில் கூடும் கொஞ்சம் ஆட்கள். துறைமுகத்தில் கூலி வேலை, தொழிற்சாலை வேலை, என்னைப் போலக் கிராணி வேலை. பெரிய சபைக்காரர்கள் எங்களைக் கண்டுகொண்டதில்லை. ஆன்டி மன்னித்த பிறகு ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். கொலை செய்தவனும் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருப்பதைப் பார்க்க வந்தார்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே 'மன்னிக்கப்பட்டோர் கூடும் இடம்' என்று ஒரு வரி சேர்த்தோம். பக்கத்துக் கடை வரிசையில் இன்னொரு மாடியையும் வாடகைக்கு எடுத்தோம். எங்களுக்குள் சண்டை வந்தால், "அந்த அம்மாவே மன்னிச்சாங்க, நீ இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கற?" என்று கேட்டால் போதும். உண்மையிலேயே சண்டைகள் குறைந்தன. பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் பேசினார்கள். சுவிசேஷம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நாங்கள் வசனம் சொல்வதை விட்டுவிட்டு, முதல் வரிசையைக் கையால் காட்டினோம்.

ஒவ்வொரு வருஷமும் டேனியல் செத்த நாளை ஒட்டி வரும் ஞாயிறு, நன்றி ஆராதனை. அன்று கிருபாகரன் அண்ணன் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். தன்னை ஆண்டவர் எங்கிருந்து எங்கே கொண்டுவந்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. முதல் வருஷம் அவர் பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. "அம்மாவோட பிள்ளை என் லோரியில அடிபட்டு எறந்துட்டாரு. அம்மா என்னை மன்னிச்சிட்டாங்க. நன்றி." அவ்வளவுதான்.

சாட்சி வளர்ந்தது. பினாங்கிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வெளிச்சத்தைக் காட்ட வேண்டும் என்றால் இருட்டையும் காட்ட வேண்டும் பிரதர் என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருஷம் அண்ணன் தூக்கக் கலக்கத்தில் ஓட்டியதாகச் சொன்னார். அதற்கு அடுத்த வருஷம், பேச்சின் நடுவில் அவர் தயங்கியபோது, முதல் வரிசையிலிருந்து ஆன்டியின் குரல் வந்தது.

"குடிச்சிருந்ததையும் சொல்லு மகனே. வெக்கப்படாத. நான்தான் மன்னிச்சிட்டேனே."

அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆன்டியையே பார்த்தார். பிறகு, "கொஞ்சம் குடிச்சிருந்தேன்" என்றார். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பிற்பாடு அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. தலைகால் தெரியாமல் குடித்திருந்தார் என்று ஆனது.

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர முடியாது என்பதால், ஞாயிறு காலையில் வேன் என்னைத்தான் முதலில் ஏற்றும். முன் இருக்கையில் நான் உட்கார்வேன். அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள், அந்த டிராபிக் லைட்டில் வேன் நின்றிருந்தது. சிவப்பு. அண்ணன் அதைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்குப் பச்சை, சிஸ்டர்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு. எனக்குப் பச்சை லைட். தம்பிதான் குறுக்க வந்தாரு. நான் பிரேக்கு மேல ஏறி நின்னேன். கண்டேனர் ஏத்தின லோரி, நிக்குமா?"

"குடிச்சிருந்தேன்னு..."

"என் வாழ்க்கையில நான் குடிச்சதே இல்ல சிஸ்டர். எங்கப்பா குடிச்சே செத்தாரு. அதனால அந்தப் பக்கமே போனதில்ல. போலீஸும் ஊதச் சொன்னாங்க. ஒண்ணும் இல்ல. அப்புறம் கேஸே இல்லைன்னு விட்டுட்டாங்க."

"அப்ப ஏன்ணே அன்னைக்கு மன்னிச்சிடுங்கன்னு கால்ல விழுந்தீங்க?"

பச்சை விழுந்தது. அவர் வேனை எடுத்தார்.

"செத்த பிள்ளையோட அம்மா வாசல்ல வந்து நிக்கறாங்க. அவங்ககிட்டப் போயி, எனக்குப் பச்சைம்மான்னா சொல்ல முடியும்? நீங்க சொல்வீங்களா?"

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே தொடர்ந்தார். "முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர். பொய் சொல்லக்கூடாது. கண்ணை மூடுனா தம்பிதான் வருவாரு, தூங்க முடியாது. இங்க வந்து உக்காந்தா தூக்கம் வந்துச்சு. யாரும் என்னைக் கொலைகாரன்னு சொல்லல. மன்னிச்சிட்டோம், மன்னிச்சிட்டோம்னுதான் சொன்னாங்க. ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு விளங்குச்சு, ரெண்டும் ஒண்ணுதான்னு."

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றேன். அவர் வேண்டாம் என்றார். கவிதா பள்ளி முடிக்கட்டும், சபைதான் அவளுக்கு டியூஷன் வைத்திருக்கிறது என்றார்.

கவிதாவுக்குப் பதினாறு வயது நடந்தபோது, சபைப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட ஏற்பாடு செய்தார்கள். வருஷா வருஷம் கேட்ட சாட்சிதான் கதை. யாரோ ஒரு பையன் கையில் போத்தலோடு தள்ளாடி வர வேண்டும், அதுதான் கிருபாகரன் அண்ணன். ஆன்டி வேஷத்துக்குக் கவிதாவைத் தேர்ந்தெடுத்தது ஆன்டியேதான். "அப்பாவை மன்னிக்கிற பாக்கியம் உனக்குக் கிடைச்சிருக்கும்மா" என்றார். அன்று வேனில் வீட்டுக்குத் திரும்பும்போது கவிதா பின் இருக்கையில் இருந்தாள். நானும் இருந்தேன்.

"அப்பா, நீங்க குடிச்சிட்டுத்தான் அந்த அண்ணனை அடிச்சீங்களா?"

அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"வீட்டுல ஒரு நாளும் நீங்க குடிச்சு நான் பார்த்ததில்லையே. ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்ப்பா. குடிகாரன் மகள்னுதான் சொல்றாங்க. உண்மைன்னா உண்மைன்னு சொல்லிடுங்க. நான் நடிச்சிடறேன்."

அந்த வருஷ நன்றி ஆராதனையில் மாடி நிறைந்திருந்தது. வெளியூர்ப் பாஸ்டர்கள் முன்வரிசையில். நாடகம் முடிவில் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் சாட்சி. அண்ணன் மைக்கை வாங்கினார். கவிதா எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பார்த்தார். அவள் வேஷத்துக்காக வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள்.

"நான் குடிக்கல. எனக்குப் பச்சை லைட். தம்பி சிவப்புல வந்தாரு. அவர் போனதுக்கு நான் இன்னைக்கும் அழறேன். ஆனா நான் அவரைக் கொல்லல."

நான் கீபோர்டில் கைவைத்தபடி ஆன்டியைப் பார்த்தேன். அவர் எழுந்தார். அவசரமே இல்லாமல் முன்னால் நடந்து போனார். அண்ணனின் கன்னத்தில் கைவைத்தார். அவருடைய கையிலிருந்த மைக்கைத் தன் வாயருகே இழுத்துக்கொண்டார்.

"மகனே, இந்தப் பொய்யையும் நான் மன்னிக்கிறேன்."

சபை எழுந்து நின்றுவிட்டது. கை தட்டினார்கள், அழுதார்கள். வெளியூர்ப் பாஸ்டர் ஒருவர் முழங்கால் போட்டார். பாஸ்டர் என்னைப் பார்த்துப் பாட்டைத் தொடங்கச் சொல்லிச் சைகை செய்தார். நான் வாசிக்கவில்லை. வாசிக்காமலே பாடினார்கள். அந்தப் பாட்டின் நடுவே கவிதா வந்து அப்பாவின் கையைப் பிடித்து, ஆட்களை விலக்கிக்கொண்டு, படியிறங்கிப் போனாள். வெள்ளைச் சேலை காலில் தடுக்கியது. வேன் சாவியை அண்ணன் கடைசிப் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆன்டி விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரையாவது காடி ஓட்டச் சொல்லிக் காப்பாருக்குப் போய், சமைத்த கோழிக் குழம்பை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். கதவு திறக்காது. ஞாயிறு தோறும் வழிதப்பிய மகனுக்காகப் பெயர் சொல்லி ஜெபம் நடந்தது. தகப்பனும் மகளும் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தார்கள். அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. சேகர் என்ற பழைய பெயரையே கொடுத்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கேட்டுவிட்டு, தோசை சாப்பிட்டு வீடு திரும்பினார்கள். நிம்மதியாக இருந்தது என்று கவிதா பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆன்டிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, முட்டி வலியோடு சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்து, ஆராதனை தொடங்கும் முன்பே போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்தவர்கள் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லலாம் என்றபோது எழுந்தார்.

"நான் பண்டமாரான்லேர்ந்து வரேன். கடைசி வரிசையில உக்காந்திருக்காரு பாருங்க, அவரு என் மகனைக் கொன்னவரு. நான் மன்னிச்சிட்டேன். நீங்களும் அவரை அன்பா ஏத்துக்கணும்னு கேட்டுக்கத்தான் வந்தேன்."

சேகர் அண்ணன் அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை. காப்பாரிலேயே ஒரு லோரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நானும் பண்டமாரான் சபையில் வாசிப்பதை நிறுத்தினேன். ஆனால் ஆன்டி வீட்டுக்குப் போவதை நிறுத்த முடியவில்லை. அப்பாவுக்கு அவர் செய்ததை மறந்துவிட்டுத் தெருவில் நடக்க எனக்கு வராது.

போன வருஷம் அவருக்கு உடம்பு விழுந்தது. புற்று. மருத்துவமனையில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சபைப் பெண்கள் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள், நானும் ஒரு முறை எடுத்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிட்டதும் அவர் கேட்டார்.

"நீ எம்மேல கோவமா இருக்கல்ல? பரவாயில்ல, நான்..."

"வேணாம் ஆன்டி" என்றேன். "மன்னிக்காதீங்க. நான் ஒண்ணும் செய்யல. சேகர் அண்ணனும் ஒண்ணும் செய்யல."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பாத்திரத்தை எடுத்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"டேனியல் சிவப்புல போனான். பின்னால காடியில வந்தவங்க ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்க. உடம்பைக் கொடுக்கும்போதே அந்த இன்ஸ்பெக்டர் எங்கிட்ட மெதுவா சொன்னாரு. நல்ல மனுஷன்."

அதாவது காப்பாருக்குப் புறப்படும் முன்பே. சேகர் அண்ணன் காலில் விழும் முன்பே. நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்குக் காலையில எனக்கும் அவனுக்கும் சண்டை. இனிமே சபைக்கு வரமாட்டேன்னு சொன்னான். உங்க சாமியும் வேணாம், நீங்களும் வேணாம்னான். நான் போடான்னேன். அந்தக் கோவத்துலதான் போனான். இதை நான் சபையில எப்படிம்மா சொல்றது? அவன் தப்புன்னா, நான் யாரை மன்னிக்கிறது? அவனையா? என்னையா? கர்த்தரையா?"

குரல் அப்போதும் ஏறவில்லை. கண்ணில் தண்ணீர் இல்லை.

"அண்ணனைக் கூட்டிட்டு வரேன் ஆன்டி. அவர்கிட்ட இதைச் சொல்லிடுங்க. ஒரு வார்த்தை போதும்."

"சொல்லலாம். சொன்னா, அப்புறம் அவன் என்னை மன்னிக்கணும்ல." போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். "அது எனக்கு வேணாம் ஜெனி. அது எப்படி இருக்கும்னு நான் எல்லாரு மூஞ்சியிலயும் பார்த்திருக்கேன்."

மறுநாளே நான் பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் முழுவதும் கேட்டார். நம்பவும் செய்தார் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் முகம் வெளுத்துப்போனது. "சிஸ்டர், சபை இப்ப எது மேல நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். "அதை உருவிட்டா அந்தக் குடும்பங்களெல்லாம் எங்க போவாங்க? சாகப்போற அம்மா, மாத்திரை மயக்கத்துல பேசியிருப்பாங்க. ஜெபம் பண்ணுவோம்." கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராகக் காப்பாருக்குப் போனேன். பட்டறையில் சேகர் அண்ணன் ஒரு லோரியின் அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து, கிரீஸ் கையோடு நின்றபடி கேட்டார். நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"ஸ்டேஷன்லயே தெரியுமா?"

"தெரியும்ணே."

அவர் திரும்ப லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆன்டி அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. பிரிக்பீல்ட்ஸ், சா ஆலாம், பினாங்கிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மன்னிப்பின் தாய் என்று பெரிய பதாகை. பெட்டியை இறக்கப்போகும் நேரத்தில் சேகர் அண்ணன் கவிதாவோடு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கூட்டம் தானாக வழிவிட்டது. பெண்கள் தேம்பினார்கள். ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்து, "வந்துட்டீங்களா பிரதர், நாங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கல" என்றார். அண்ணன் கட்டிப்பிடித்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குழியருகே போய் நின்றார்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கூட்டம் காத்திருந்தது, அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. "நம்ம கிருபாகரன் பிரதர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை" என்று மைக்கை நீட்டினார்.

அண்ணன் அதை வாங்கி, பெட்டியைப் பார்த்துப் பேசினார். கத்தவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சீங்க. நான் உங்களை மன்னிக்கலம்மா."

மைக்கைப் பாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு, மகளோடு திரும்பி நடந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பது ஆட்களுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அங்கங்கே சிலர், பழக்கத்தில், "ஆமென்" என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.